கட்டில் சைக்கிள் பந்தயம்

மல்லாந்து சாய்ந்துகொண்டு சைக்கிள் ஓட்டலாம் என்று சொன்னால் யாரும் முதலில் நம்புவதில்லை. நீங்களும் சிரித்தீர்கள், இன்ஸ்பெக்டர். பரவாயில்லை, எனக்குப் பழகிவிட்டது. முதுகுக்கு ஒரு சாய்மானம், பெடல் முன்னால், கைப்பிடி இருக்கைக்குக் கீழே. உடம்பு தாழ்ந்திருப்பதால் எதிர்க்காற்று அவ்வளவாகப் படாது. சாதாரண சைக்கிளைவிட வேகம் அதிகம். கல்லூரிக்கு இன்டர்நெட் வந்த புதிதில் வெளிநாட்டுக்காரர்கள் இதில் பந்தயம் விடும் படங்களைப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் அதற்குக் கட்டில் சைக்கிள் என்று பெயர் வைத்தார்கள். அதையும் ஏற்றுக்கொண்டேன்.

திருக்காட்டுப்பள்ளி சாலையில் இருக்கும் தனியார் பொறியியல் கல்லூரியில் நான் மெக்கானிக்கல் விரிவுரையாளர். பத்து வருடத்துக்கு முன்னால் அந்த இடம் முழுக்க வயல். இப்போது நான்கு மாடிக் கட்டடம், பின்னால் மாணவர்களுக்கு ஒரு ஓட்டப்பாதை. மண் பாதைதான், ஆனால் நன்றாக இறுகியது. லாரி வராது, மாடு வராது. அதைப் பார்த்த நாளிலிருந்து அங்கே ஒரு பந்தய நாள் நடத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெரிய பரிசு எதுவும் இல்லை. தாங்களே செய்த வண்டியில், ஆசைக்கு ஓட்டுகிறவர்கள் ஒரு நாள் கூட வேண்டும். இதில் தப்பு என்ன இருக்கிறது?

முதல் வருடம் தேதி கொடுத்தார்கள். அந்த வாரமே டில்லியிலிருந்து ஆய்வுக் குழு வருகிறது என்று மைதானத்தைப் பூட்டிவிட்டார்கள். அடுத்த வருடம் ஐப்பசியில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு பாதை முழுக்கத் தண்ணீர். அதற்கடுத்த வருடம் சுற்றுவட்டாரத்து நெல்லெல்லாம் அங்கேதான் காய்ந்தது. எங்கள் தாளாளர் குஞ்சிதபாதத்திடம் போய் நின்றேன்.

“டேவிட்சன், மொதல்ல கேம்பஸ் இன்டர்வியூ முடியட்டும். பசங்களுக்கு வேலை கிடைக்கணும்ல? உங்க சைக்கிள அப்புறம் பாத்துக்கலாம்” என்றார்.

பசங்களுக்கு வேலை கிடைத்தது. அதுதான் என் அடுத்த கஷ்டம். எல்வின் என்று ஒரு மாணவன், வளைவில் வண்டியைக் கவிழ்க்கவே மாட்டான், அவ்வளவு நிதானம். பெங்களூருக்குப் போனான். லியாகத் அலி தோஹாவுக்குப் போனான். ஓட்டக் கற்றுக்கொடுத்து முடிப்பேன், விசா வந்துவிடும். ஒவ்வொருவனையும் சிரித்த முகத்தோடு வழியனுப்பினேன். எவனும் பந்தயம் எப்போது என்று போன் செய்து கேட்கவில்லை.

கடைசியில் இந்த ஜனவரியில், பொங்கல் கழித்து வரும் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமைக்கு அனுமதி கிடைத்தது. கும்பகோணத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் ஓட்டுகிறவர்கள் வருவதாகச் சொன்னார்கள். அவர்களுக்கு வண்டி நாங்கள்தான் தர வேண்டும். வண்டிகளைச் செய்தவர் அண்ணாதுரை.

அண்ணாதுரையை உங்களுக்குத் தெரியும். கடைத்தெருவில் கிரில் பட்டறை வைத்திருந்தார். அவர் அப்பா அம்மா இருவரும் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். இவர் ஐடிஐ முடித்து வெல்டிங் கற்றுக்கொண்டவர். என் படங்களைப் பார்த்து முதல் வண்டியைச் செய்து, தானே ஏறிக் கடைத்தெருவில் ஓட்டிக்காட்டினார். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். “சார், இதுல போனா வானம் மட்டும்தான் சார் தெரியுது” என்று கத்தினார். அவருக்கும் எனக்கும் அந்த ஒரு ஆசை பொதுவாக இருந்தது என்று நினைத்தேன்.

டிசம்பரில் அவருக்குச் சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் வேலை கிடைத்தது. பந்தயத்துக்கு முந்தின வாரம் திருச்சியிலிருந்து விமானம். மூன்று வண்டிகள் தயாராக இருந்தன. மூன்று பாதியில் கிடந்தன.

“பத்து நாள் தள்ளிப் போட முடியாதா அண்ணாதுரை?” என்று கேட்டேன்.

“எப்படி சார் முடியும்? டெஸ்ட்டு எழுதி ரெண்டு வருஷமா காத்துக்கிடக்கறேன். இத வுட்டா ஏஜென்ட்டு வேற ஆள ஏத்திடுவான். நீங்க நடத்துங்க சார், போட்டோ அனுப்புங்க.”

போட்டோ அனுப்புங்க என்றார். அவருக்கும் அது அவ்வளவுதான்.

நான் கோபப்படவில்லை. வேறு ஒரு வெல்டரைப் பிடித்துப் பார்த்தேன். அவர் செய்த சட்டம் கோணிக்கொண்டு ஒரு பக்கமாக இழுத்தது. அதன் பிறகுதான் யோசித்தேன். கட்டில் சைக்கிள் எதிலாவது மோதினால் முதலில் போய் இடிப்பது பாதம். கணுக்கால் எலும்பு முறிந்தால் ஒன்றரை மாதத்தில் கூடிவிடும். அதுவரை விமானம் ஏற முடியாது. ஆனால் வெல்டர் உட்கார்ந்துகொண்டு வேலை செய்யலாம். பிறகு அடுத்த குழுவில் ஏஜென்ட் அனுப்பிவிடுவார். யாருக்கும் நிரந்தர நஷ்டம் இல்லை. இப்படித்தான் கணக்குப் போட்டேன். நான் சொல்லித்தருகிற பாடமே இதுதானே, எந்தப் பாகம் எவ்வளவு தாங்கும் என்பது.

பொங்கல் முடிந்த மறுநாள் காலை சோதனை ஓட்டத்துக்கு அவரைக் கூப்பிட்டேன். கடைசியாக ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள் என்றேன். சந்தோஷமாக வந்தார். மனைவி அம்சம் கட்டிக்கொடுத்த பொங்கலை எனக்கும் ஒரு டப்பாவில் கொண்டுவந்தார். இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம். காவலாளி வைரக்கண்ணுவை நான் டீ வாங்க அனுப்பியிருந்தேன்.

வடக்கு வளைவுக்கு வெளியே பழைய வாய்க்கால் மதகு இருக்கிறது. செங்கல் கட்டு. அன்று அதன் முன்னால் வைக்கோல் இல்லை.

பந்தயத்துக்காகப் பொங்கலுக்கு முன்பே அங்கே வைக்கோல் கட்டுகள் அடுக்கியிருந்தோம். அண்ணாதுரையும் சேர்ந்துதான் அடுக்கினார். சோதனை ஓட்டத்துக்கு முதல் நாள் மாலை, பனியில் நனைகிறது என்று சொல்லி வைரக்கண்ணுவிடம் நான் எடுக்கச் சொன்னேன். வைக்கோல் இருந்தால் காலுக்கு ஒன்றும் ஆகாது அல்லவா. கைப்பிடியையும் முன்சக்கரத்தையும் இணைக்கிற கம்பியின் நட்டையும் அன்று மாலைதான் தளர்த்தினேன். கழற்றவில்லை. தளர்த்தினேன்.

இரண்டு சுற்று நன்றாகப் போனார். மூன்றாவது சுற்றில் வளைவில் வண்டி திரும்பாமல் நேராகப் போனது. பெடல் இருக்கும் முன்குழாய் மதகில் மோதி ஒடிந்தது. என் கணக்கை நான் பாதத்தோடு நிறுத்தியிருந்தேன். வண்டி நிற்கவில்லை. அவரைத் தூக்கிப் புரட்டிச் செங்கல் விளிம்பில் முதுகு படும்படி போட்டுவிட்டது. அந்த ஒன்றை நான் யோசிக்கத் தவறினேன், ஒப்புக்கொள்கிறேன்.

ஓடினேன். “சார், காலு எங்க சார் இருக்கு?” என்று கேட்டார். கால் அவர் எதிரிலேயே இருந்தது.

முதலில் நான் செய்தது, கழன்று தொங்கிய கம்பியை மாட்டி நட்டை முறுக்கியது. ஸ்பேனர் சட்டைப் பையில் இருந்தது. அதற்குப் பிறகுதான் ஆள் கூப்பிட்டேன். கூட்டம் வந்தபோது எல்லோருக்கும் தெரிந்தது ஒடிந்த வெல்டிங் மட்டும்தான். அண்ணாதுரைக்கும் அதுதான் தெரிந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் முதுகெலும்பு என்றார்கள். இடுப்புக்குக் கீழே இனி உணர்வு வராது என்றார்கள்.

பந்தயத்தை நிறுத்தவில்லை. மிச்சமிருந்த இரண்டு வண்டியை வைத்துக்கொண்டு ஒரு பந்தய நாள் நடத்திப் பாருங்கள், தெரியும். கும்பகோணத்துக்காரர்கள் மத்தியானமே கிளம்பிவிட்டார்கள். ஒருவன் நடுப்பாதையில் சங்கிலியை அறுத்துக்கொண்டான். தாளாளர் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார். இத்தனை வருடம் காத்திருந்தது இதற்காகவா என்று இருந்தது.

அண்ணாதுரையை நான் கைவிடவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்து நேராக அவர் வீட்டுக்குத்தான் போனேன். சபையிலும் அவர் பெயரைச் சொல்லி ஜெபித்தோம். சக்கர நாற்காலி நான்தான் வாங்கிக்கொடுத்தேன். “சாரு மாதிரி கூடப்பொறந்தவங்ககூட பாக்க மாட்டாங்க” என்று அம்சம் எல்லோரிடமும் சொல்வார்.

போன ஞாயிறு, வரும் ஜனவரிப் பந்தயத்தைப் பற்றிப் பேசப் போனேன். வீட்டிலேயே உட்கார்ந்து சட்டங்களைச் செய்து தர முடியுமா என்று கேட்டேன்.

“வேணாம் சார்” என்றார். “நான் பத்த வெச்ச வெல்டிங்கே என்னைக் கைவுட்டுடுச்சு. இன்னொருத்தன் உசுருக்கு நான் பதில் சொல்ல முடியாது. இனிமே நான் அந்த வேலையத் தொட மாட்டேன்.”

ஒரு நல்ல வேலைக்காரன் இல்லாத குறையை நினைத்து இப்படி ஒடுங்கிப்போவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் சொன்னேன். அவர் நன்மைக்காகத்தான் சொன்னேன்.

“உங்க வெல்டிங்ல ஒரு குறையும் இல்ல, அண்ணாதுரை. மோதினதுக்கு அப்புறம்தான் அது ஒடிஞ்சது. ஸ்டியரிங் நட்டை நான்தான் தளர்த்தினேன்.”

அவர் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தேன்.

“வைக்கோலு?” என்று கேட்டார்.

“அதையும் நான்தான் எடுக்கச் சொன்னேன்.”

வாசற்படியில் அம்சம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. செருப்பைப் போட்டுக்கொண்டு நேராக உங்களிடம் வந்தார். உண்மையைச் சொன்னவனுக்கு இதுதான் கிடைக்கிறது.

எங்கே கையெழுத்து போட வேண்டுமோ போடுகிறேன். எழுதியதில் எதையும் மாற்ற வேண்டாம். ஒன்றே ஒன்று மட்டும் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். தாளாளர் முதல் முறையாக அவரே கூப்பிட்டுத் தேதி கொடுத்திருக்கிறார். கோபம் தணிந்ததும் அண்ணாதுரையிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். சக்கர நாற்காலி உயரத்துக்கு ஒரு மேஜை போட்டுக்கொடுத்தால் போதும். அவர் கைகளுக்கு ஒன்றுமே ஆகவில்லை, இன்ஸ்பெக்டர்.