கேள்வித்தாளின் கடைசிக் கேள்வி

— …அடுத்ததைப் படிடா. கண்ணுல மருந்து விட்டிருக்கு, எழுத்தெல்லாம் கலங்குது.

— பெரிய பாடகின்னா சும்மாவா? பாடகர்கள் மனசை ஆராய்ச்சி பண்றவங்க வீடு தேடி கேள்வித்தாள் அனுப்புறாங்க! "மேடை ஏறுமுன் பதற்றம் உண்டா?" இல்லைன்னு போட்டுடறேன்.

— உண்டுன்னு போடு.

— அக்கா! இருபது வருஷமா பாடுறே.

— இருபது வருஷமா கை சில்லிடுது. போடு.

— சரி தாயே. "பாடும்போது மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று…"

— எப்பவும்.

— விளையாடாதே. கண்ணை மூடினா உனக்கு உலகமே மறந்துடும்னு எல்லாரும் சொல்றாங்க.

— மூடினாத்தான் யார் இருமுறா, யார் நாற்காலியைத் தள்ளிட்டு எழுந்து போறான்னு நல்லாக் கேக்கும்.

— ஒருநாள்கூட பாட்டுல கரைஞ்சு போனதில்லையா?

— அது உனக்குத்தான் வரும். பாட ஆரம்பிச்சா சோறு ஆறிப்போறதுகூடத் தெரியாது.

— அதான் விட்டாச்சே. ரெண்டு பேரும் மேடை ஏறியிருந்தா அம்மாவை யார் பாத்திருப்பா… சரி, கடைசிக் கேள்வி. "பாடும்போது நேரம் போவதே தெரியாமல் தன்னை மறந்ததுண்டா?" இதுக்காவது…

— இல்லைன்னு போடு.

— யோசிச்சு சொல்லுக்கா.

— மூணு வருஷமா யோசிச்சாச்சு.

— அம்மா போய்ச் சேர்ந்த அன்னிக்கு ஆஸ்பத்திரிலேர்ந்து பதினோரு தடவை கூப்பிட்டேன். "பாட்டுல இருந்தேன், தெரியவே இல்லை"ன்னு அழுதே. சொந்தக்காரங்க வாயை எல்லாம் நான்தான் அடைச்சேன்.

— தெரியும்.

— அப்போ…

— மொத தடவையே பாத்துட்டேன்டா. பாட்டு நோட்டுக்குப் பக்கத்துலதான் போன். உன் பேரு மின்னுச்சு. எதிர்ல விருது குடுக்குறவங்க… எழுந்தா எல்லாம் போச்சுன்னு கவுத்து வச்சேன்.

— சரி, இல்லைன்னு போட்டாச்சு.

— திட்டுடா. வாயைத் திறந்து ஏதாவது சொல்லு.

— என்னத்தைச் சொல்ல? விருதுதான் வந்துடுச்சே.

— மூணு வருஷமா உன்னை நம்ப வச்சு ஏமாத்திட்டேன்.

— நான் ஏமாறலைக்கா. அன்னிக்கு உன் நிகழ்ச்சி லைவ்ல வந்துச்சு. பாக்கணும்னு அம்மா கேட்டாங்க, நர்ஸோட போனை வாங்கிப் போட்டுக் காட்டினேன். நீ கவுத்து வச்சதை நானும் பாத்தேன்… அம்மாவும் பாத்தாங்க.