மாமுருவுக்குக் கொடுத்த பாதி வழி

கலை மனிதகுலத்தை ஒன்றாகக் கட்டி வைக்கிறது. இருபத்தாறு வருடம் அரசாங்க மேடைகளில் நான் சொல்லிவந்த வாசகம் இது. என் வீட்டு வாயிலில் பலகையாகவும் எழுதி மாட்டியிருக்கிறேன்; முந்தாநாள் உங்கள் ஆட்கள் என்னை அழைக்க வந்தபோது படித்திருப்பார்கள், கேப்டன். அதற்குக் கீழே 'செருப்பை வெளியே விடவும், தொலைந்தால் பொறுப்பில்லை' என்று இருப்பதும் என் கையெழுத்துதான். வருகிறவர்கள் இரண்டாவது வாசகத்தைத்தான் கவனமாகப் படிக்கிறார்கள்.

மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்ததற்கு நன்றி. நிதானமாகவே சொல்கிறேன்.

மாமுரு திராவ்ரேயும் நானும் இந்தச் சேகு ஊரில் ஒரே பள்ளியில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அவன் தலைநகர் பமாகோவுக்குப் போய்க் கணக்கு வாத்தியாரானான். நான் இங்கேயே கலாசார இலாகாவில் சேர்ந்தேன், மேடைகளில் பேசினேன், சேற்றால் வரையும் நம் ஊர் மண்சித்திரத் துணியைப் பற்றி இரண்டு சிறு நூல்கள் எழுதினேன். நான் ஜாரா, அவன் திராவ்ரே. உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் பதிவுக்காகச் சொல்கிறேன்: இந்த இரண்டு குலத்துக்கும் பரிகாச உறவு. பார்த்த உடனே ஒருவரை ஒருவர் 'பயறு தின்னி' என்று ஏசிக்கொள்ள வேண்டும். நீ என் அடிமை, உன் பாட்டன் என் பாட்டனிடம் கூலிக்கு நின்றவன் என்றெல்லாம் சொல்லலாம். என்ன சொன்னாலும் கோபம் வரக் கூடாது. கோபித்துக்கொண்டவன் தோற்றவன். நாற்பது வருடத்தில் நாங்கள் இருவருமே தோற்றதில்லை.

எட்டு மாதமாக மாமுருவின் சிறுநீரகங்கள் வேலை செய்யவில்லை. திங்களும் வியாழனும் பமாகோவில் ஓர் ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் இயந்திரத்தோடு இணைத்து அவன் ரத்தத்தைச் சுத்தம் செய்வார்கள். இது எனக்குத் தெரியுமா என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். தெரியும். வியாழக்கிழமை சுத்தம் முடித்துவிட்டு வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு கிளம்பி வா என்று நாள் குறித்துக் கொடுத்ததே நான்தான். நோயாளியின் சௌகரியத்தை என்னைப் போல் கவனித்தவர்கள் குறைவு.

அழைத்த காரணம், நட்புத் துணி என்று நான் பெயர் வைத்த ஒரு மண்சித்திரம். தலைநகரில் ஒரு விழா நடக்கப் போகிறது. அதன் குழு ஊர் ஊராகப் போய்ப் படைப்புகளைத் தேர்ந்தெடுக்கிறது. தனி ஆளின் படைப்பு வேண்டாம், நண்பர்களும் குழந்தைகளும் சேர்ந்து வரைந்தது வேண்டும், வரைந்தவர்கள் அனைவரும் நேரில் நிற்க வேண்டும் என்பது நிபந்தனை. எனக்குக் குழந்தைகள் இல்லை. நண்பர்கள் என்று எண்ணினால் மாமுருவோடு எண்ணிக்கை முடிந்துவிடுகிறது.

அவன் மனைவி சிதானோடும் இரண்டு பெண்களோடும் வந்து இறங்கினான். மூத்தவள் நியேலேக்குப் பத்து வயது, சின்னவள் தெனேனுக்கு ஐந்து. சனிக்கிழமை முற்றத்தில் நாலு மீட்டர் துணியை விரித்தேன். ஒரு வருடம் பானையில் புளித்த குளத்துச் சேற்றைக் குழைத்து வைத்தேன். கோடுகளை நான் போட்டேன். கட்டங்களை அவர்கள் நிரப்பினார்கள். மாமுரு வரைந்த மீன் செருப்பு மாதிரி இருந்தது. தெனேன் அதன் மேல் நடந்து போனாள், பிறகு அது செருப்புதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. சிதான் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து, எண்ணி எண்ணிச் சிறு சிலுவைகளாகப் போட்டாள். துணியிலேயே அதுதான் நன்றாக இருந்தது. பெண்களின் பொறுமை என்று அதைப் பாராட்டினேன். மூன்று முறை பூச வேண்டும், மூன்று முறை காய வைக்க வேண்டும். பிறகு ஆற்றில் அலச வேண்டும். ஏப்ரல் வெயிலில் சேறு அரை மணியில் காய்ந்துவிடும். மாமுருவுக்கு ஒரு நாளைக்கு மூன்று தேநீர்க் கோப்பைக்கு மேல் தண்ணீர் கூடாது. ஐஸ் கட்டி ஒன்றை வாயில் ஒதுக்கிக்கொண்டு வேலை செய்தான்.

குழு ஞாயிற்றுக்கிழமை காலை வருவதாக இருந்தது. வரவில்லை. செவ்வாய்க்கிழமை வருகிறோம் என்று செய்தி வந்தது. ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்ததும் மாமுரு வழி கேட்டான்.

இதையும் பதிவுக்காகச் சொல்கிறேன். நம்மிடம் விருந்தாளி தன் பாட்டுக்கு எழுந்து போவதில்லை. வழி கேட்க வேண்டும், வீட்டுக்காரன் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போதும் பாதி வழிதான் கொடுப்போம். மறுபாதி நம் வீட்டில் இருக்கும், அதை எடுத்துக்கொள்ள அவன் இன்னொரு முறை வருவான். அழகான வழக்கம். இதைப் பற்றி வானொலியில் பேசியிருக்கிறேன்.

"பயறு தின்னி, வழி குடுடா. நாளைக்குக் காலைல நான் மெஷின்ல உக்காரணும்" என்றான்.

"திராவ்ரேக்கு ஏதுடா வழி? உங்க பாட்டன் எங்க தோட்டத்துல பயறு பொறுக்க வந்தவன், இன்னும் பொறுக்கி முடிக்கல. முடிச்சிட்டுப் போ" என்றேன்.

அவன் சிரித்தான். சிதான் சிரிக்கவில்லை. அவள் பிறந்த குலத்துக்கும் எனக்கும் பரிகாசம் இல்லை.

"அண்ணே, இது வெளையாட்டு இல்ல. ஏழு மணிக்கு அங்க இருந்தாகணும்."

"மாமுரு, உன் பொண்டாட்டிக்கு சேகு மீனு பிடிக்கலையாம்டா."

அவளை அடக்கியது நான் அல்ல, மாமுருதான். இவன் அப்படித்தான், கெஞ்சினால் இன்னும் ஆடுவான், விடு என்று அவள் கையைத் தட்டினான். இதற்கிடையில் அவன் செருப்பையும் கார் சாவியையும் தானியக் கூடையில் ஒளித்து வைத்திருந்தேன். பிரியமான விருந்தாளிக்கு ஊரில் எல்லாரும் செய்வதுதான். குழந்தைகளுக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியும். அப்பா தேடுவதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒரு குடும்பம் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை நான் பார்த்ததில்லை.

இனி அந்தத் தொலைபேசி அழைப்பு. ஒரு நிமிடம் நாற்பது விநாடி என்று நீங்கள் காட்டிய தாளில் இருக்கிறது, சரிதான். கரண்ட் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்தான் வருகிறது. சோலார் பலகையின் கம்பி என் அறையில் இருக்கிறது, அதனால் எல்லார் போனும் என் மேசையில் இருந்தன. மாலை நாலு மணிக்கு மாமுருவின் போன் அடித்தது. எடுத்தேன். ஆஸ்பத்திரி நர்ஸ். நல்ல பெண். நாளை முறை மாறியிருக்கிறது, ஏழு மணிக்கு வர வேண்டியதில்லை, பதினொரு மணிக்கு வந்தால் போதும், ஆனால் தவறவிட வேண்டாம், போன வாரமே அவருக்கு ரத்தக் கணக்கு சரியில்லை என்றாள். சொல்லிவிடுகிறேன் என்றேன்.

முற்றத்துக்குப் போய், இயந்திரம் பழுதாம், வியாழக்கிழமைதான் சரியாகுமாம் என்று சொன்னேன்.

அவர்கள் நம்பினார்கள். அந்த இயந்திரத்தைப் பற்றிக் கெட்ட செய்தி வந்தால் நம்பிப் பழகியிருந்தார்கள். மாமுருவின் முகத்தில் ஒரு நிம்மதிகூடத் தெரிந்தது. ஒரு தடவை ஊசிக்குத் தப்பித்தவனின் நிம்மதி. அதை நான்தான் அவனுக்குக் கொடுத்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை அந்த நர்ஸ் மறுபடி மூன்று முறை அழைத்தாள். பிறகு நான் கம்பியைப் பிடுங்கிவிட்டேன். சிதான் ஆஸ்பத்திரியோடு தானே பேச வேண்டும் என்றாள். எண் மாமுருவின் போனில்தான் இருந்தது. அதில் சார்ஜ் இல்லை என்றேன். அது உண்மை. அப்படியானால் சேகுவிலேயே ஓர் ஆஸ்பத்திரியில் கேட்கலாமே என்றாள். கேட்டுவிட்டேன், இடமில்லையாம் என்றேன். கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அவன் கால்கள் வீங்கின. நியேலே அப்பாவின் கெண்டைக்காலில் விரலை வைத்து அழுத்தினாள். எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே நின்றது. தங்கையைக் கூப்பிட்டுக் காட்டினாள். இருவரும் மாற்றி மாற்றி அழுத்தி, முழங்காலிலிருந்து கணுக்கால் வரை வரிசையாகப் புள்ளி வைத்தார்கள்.

"பெரியப்பா, இங்க பாருங்க. அப்பா மேலயும் படம் போடலாம்."

அழகாக இருந்தது. அதே இடைவெளியில் துணியின் கரையிலும் வைக்கச் சொன்னேன். கரைக்கு என்ன போடுவது என்று இரண்டு நாளாகத் தெரியாமல் இருந்தது. மாமுரு சுவரில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தே தூங்கினான். அவனுக்கு மாம்பழம் ஆகாது என்று சிதான் தட்டை நகர்த்தி வைத்தாள். ஒரு துண்டில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நான் நகர்த்திக் கொடுத்தேன். குழு அன்றும் வரவில்லை. புதன்கிழமை உறுதி என்றார்கள்.

அன்று சாயங்காலம் சிதான் பக்கத்துத் தெருவில் ஒரு வண்டி பேசப் போனாள். நான் பின்னால் போய், வீட்டில் சின்னச் சண்டை, நாளைக்கு வாருங்கள் என்று வண்டிக்காரனை அனுப்பிவிட்டேன். அவள் திரும்பி வந்து முற்றத்தின் நடுவில் நின்றாள். நாலு பக்கமும் என் சுவர். கதவு திறந்தேதான் இருந்தது, கேப்டன். என் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள்கூடக் கிடையாது.

புதன்கிழமை பத்தரை மணிக்குக் குழு வந்தது, இரண்டு ஆண்கள், ஓர் அம்மாள். சேறு காய்ந்த துணியைச் சுவரில் மாட்டியிருந்தேன். மாமுருவை அதன் அருகே நிறுத்தி, கையில் ஒரு தூரிகையைக் கொடுத்தேன். முகம் சாம்பலாக இருந்தது. உங்களுக்கு உடம்பு சரியில்லையா என்று அந்த அம்மாள் கேட்டாள்.

"இந்தப் பயறு தின்னி எனக்கு வழி குடுக்க மாட்டேங்கறான்மா" என்றான் மாமுரு. ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தி மூச்சு வாங்கினான். "நீங்களாவது வாங்கிக் குடுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அந்த அம்மாள் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து 'உயிருள்ள மரபு' என்று எழுதிக்கொண்டாள். படம் எடுத்தார்கள். ஒருவர் கழிப்பறை எங்கே என்று கேட்டார். மொத்தம் பத்தொன்பது நிமிடம் இருந்தார்கள்.

அவர்கள் போனதும் செருப்பையும் சாவியையும் எடுத்துக் கொடுத்து, நானாகவே வழி கொடுத்தேன். "இந்தா உன் பாதி வழி" என்றேன்.

"முழுசா குடு, சுமானா" என்றான்.

நாற்பது வருடத்தில் அவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பரிகாசத்தை நிறுத்திவிட்டான், ஆகவே அவன் தோற்றுவிட்டான் என்றுதான் அப்போது எனக்குத் தோன்றியது. வழக்கத்தை மாற்ற நான் யார் என்று சொல்லிக் கார் கதவைச் சாத்தினேன். சிதான் ஓட்டினாள். குழந்தைகள் பின் கண்ணாடி வழியே சேற்றுக் கையை ஆட்டினார்கள்.

ஃபானாவுக்குள் கார் நுழையும்போது அவன் இறந்துபோனான். ஃபானா சேகுவுக்கும் பமாகோவுக்கும் நட்டநடுவில் இருக்கிறது. இதை வைத்து ஊரில் ஏதேதோ பேசுகிறார்கள். படித்த மனிதர்கள் அப்படிப் பேசுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அடக்கத்துக்குப் போனேன். நட்பைப் பற்றிப் பேசச் சொல்லி யாரும் கேட்கவில்லை, நானே பேசினேன். அப்போதுதான் சிதானின் தம்பி மாமுருவின் போனுக்குச் சார்ஜ் போட்டு, நர்ஸின் அழைப்புகளைப் பார்த்திருக்கிறான்.

நேற்று மாலை நான் உங்களிடம் வழி கேட்டேன், நீங்கள் கொடுக்கவில்லை. நீங்கள் கேய்த்தா குலம். உங்களோடு எனக்குப் பரிகாச உறவு இல்லை, அதனால் உங்களை எப்படிச் சிரிக்க வைப்பது என்று தெரியவில்லை. இந்த அறைக்கும் கதவு திறந்தேதான் இருக்கிறது.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். இயந்திரம் பழுதாகவில்லை. நான் சொல்லியிருந்தால் அவர்கள் திங்கட்கிழமை விடியற்காலை கிளம்பிப் பதினொரு மணிக்கு அங்கே இருந்திருப்பார்கள். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நர்ஸ் தெளிவாகத்தான் பேசினாள். அவன் வியாழன் வரை தாங்குவான் என்று நினைத்தேனா என்கிறீர்கள். புதன் வரை தாங்க வேண்டும் என்று நினைத்தேன். ஆனாலும் அவனைக் கொல்ல வேண்டும் என்று ஒரு கணமும் நினைத்ததில்லை. பிரியப்பட்டவனைத் தங்க வைத்தேன், அவ்வளவுதான்.

கடைசியாக, சான்றுக்காக நான் ஒப்படைத்த துணியைப் பற்றி. அதில் ஒன்றுமே இல்லையே, மாற்றிவிட்டீர்களா என்று கேட்டீர்கள். மாற்றவில்லை, அதே துணிதான். அடக்கம் முடிந்து திரும்பிய அன்று அதை ஆற்றில் அலசினேன். மீன், சிலுவைகள், கரைப் புள்ளிகள் எல்லாம் சேறாகவே கரைந்து தண்ணீரோடு போய்விட்டன. அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள்தான் காரணம் சொன்னார்கள். துணியை முதலில் இலைச்சாற்றில் ஊற வைக்க வேண்டுமாம். அந்தச் சாறு ஏறியிருந்தால்தான் சேறு கருத்துப் பிடிக்குமாம். துணி மஞ்சளாக இருப்பதே அந்தச் சாற்றால்தானாம். நான் சந்தையில் மஞ்சள் சாயம் போட்ட துணியை வாங்கியிருந்தேன். மஞ்சள் அழகுக்காக என்று நினைத்திருந்தேன்.