நிமிர்த்திய கை

என் பெயரும் தகப்பனார் பெயரும் மேலே படிவத்தில் எழுதிக்கொள்ளப்பட்டிருக்கின்றன. வயது ஐம்பத்து நான்கு. அரசு மருத்துவமனைப் பிணவறையில் உதவியாளராக இருபத்திரண்டு வருடமாக வேலை பார்த்து வருகிறேன். மருத்துவமனை ஊழியர் குடியிருப்பில் இரண்டாவது வரிசைக் கடைசி வீட்டில் மனைவியோடும் ஒரே மகளோடும் வசித்து வருகிறேன். படிப்பு ஒன்பதாம் வகுப்பு. அதையும் இரண்டு தடவை படித்தேன். மூன்றாம் தடவை வேண்டாம் என்று வாத்தியாரே கும்பிட்டு அனுப்பி வைத்தார். எனக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியும். யாரும் என்னை மிரட்டி இங்கே கொண்டுவரவில்லை. மிரட்டியிருந்தால் இன்னும் சீக்கிரமே வந்திருப்பேன், நான் அந்த ரகம். நான் சொல்வதைச் சொன்னபடியே எழுதிக்கொள்வதாக அதிகாரி அவர்கள் சொன்னதன் பேரில் கீழ்க்கண்டவற்றைச் சொல்கிறேன்.

மாடிப்படிக்குக் கீழே தலையில் அடிபட்டு இறந்து கிடந்த தையல்காரர் சம்பந்தமான வழக்கில், அவருடைய மகன் அவரைப் படியிலிருந்து தள்ளிக் கொன்றதாக நாற்பத்தாறு நாட்களாகச் சிறையில் இருக்கிறார். அந்த உடம்பை டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் நான் கை வைத்தேன். அதை டாக்டரிடம் மறைத்தேன். இதைச் சொல்லத்தான் வந்தேன்.

பிணவறையில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். இறந்தவர்களின் உடம்பு சில மணி நேரத்தில் விறைத்துவிடும். கை ஒரு பக்கம், கழுத்து ஒரு பக்கம், வாய் திறந்தபடி என்று எப்படிக் கிடந்தார்களோ அப்படியே கட்டைபோல ஆகிவிடும். குடும்பத்தார் அடையாளம் காட்ட வரும்போது அந்தக் கோலத்தில் பார்த்தால் அப்புறம் எத்தனை வருடமானாலும் அந்தக் கோலம்தான் கண்ணில் நிற்கும். ஆகவே நான் மூட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி வளைத்து, கைகளை மார்பில் சேர்த்து, வாயை மூடி, தூங்குகிற மாதிரி ஆக்கிவிடுவேன். சுருக்கம் எடுப்பதுபோல் எடுப்பதால் இஸ்திரி என்று பெயர் வந்தது. இது எனக்கு யாரும் கற்றுக்கொடுத்த வேலை அல்ல, யாரும் செய்யச் சொன்னதும் அல்ல. செய்யக்கூடாது என்று டாக்டரம்மா இரண்டு வருடத்துக்கு முன்னால் எல்லோரையும் நிறுத்தி வைத்துச் சொன்னார்கள். சுவரில் எழுதியும் ஒட்டினார்கள். ஒட்டியது நான்தான்.

சம்பவம் நடந்த திங்கட்கிழமை மதியம் மூன்று மணி அளவில் தையல்காரரின் உடம்பு வேனில் வந்தது. மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்த மாதிரி சுவரில் சாய்ந்து, வலது கை படியின் கைப்பிடிக் கம்பி மேல் கிடக்க இறந்திருந்தார் என்று கூட வந்த காவலர் சொன்னார். கம்பியை விட்டு எடுத்தும் அந்தக் கை இறங்கவில்லை. ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளும்போது கை கதவு நிலையில் இடித்தது. வேன் டிரைவர், "அண்ணே, பஸ்ஸை நிறுத்துறாரு பாருங்க" என்றார். நானும் சிரித்தேன். அந்த டிரைவரை விசாரித்தால் கை எப்படி இருந்தது என்று சொல்வார்.

அதன் பிறகு தையல்காரரின் மகள் வந்தார். முப்பது வயது இருக்கும். அப்பாவைப் பார்க்கவேண்டும் என்று வராந்தாவில் நின்றார். அழவில்லை, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நின்றார். அவரைப் பத்து நிமிடம் இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள், நாளைக்கு என்னை அவள் இப்படி வாயைப் பிளந்தபடி பார்க்கவேண்டுமா என்று நினைத்ததாக இப்போது சொல்லிக்கொள்ளலாம். அப்போது நினைத்தது அது மட்டும் அல்ல. இவ்வளவு கோணலாக வந்ததை நேராக்கிக் காட்டுகிறேன் பார் என்ற கர்வமும் இருந்தது.

முதலில் தாடையை அழுத்தி மூடினேன். நிற்காததால் ஒரு துண்டுத் துணியால் தலையோடு சேர்த்துக் கட்டினேன். அதன் பிறகு இடது பக்கம் திரும்பியிருந்த கழுத்தை நேராக்கினேன். அதன் பிறகு வலது கையைத் தோளிலும் முழங்கையிலும் வளைத்து இறக்கினேன். நல்ல விறைப்பு, எனக்கு வியர்த்துவிட்டது. அதன் பிறகு இடது கை. கால்கள் ஏறத்தாழ நீட்டியபடி இருந்ததால் அவற்றைத் தொடவில்லை, போர்வையால் மூடிவிட்டேன். கால்களையும் அப்போது தொட்டிருந்தால் கூட இவ்வளவு கெடுதல் வந்திருக்காது என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

மகள் வந்து பார்த்தார். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போயிருந்த அப்பாவின் விரலைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு போனார்.

நாலேகால் மணிக்கு டாக்டரம்மா வந்தார்கள். வருகிற சத்தம் கேட்டதும் தாடைக்கட்டை அவிழ்த்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அன்றைக்கு வெயில் கடுமை, எங்கள் குளிர்ப்பெட்டியும் பழுது. அறையும் உடம்பும் ஒரே சூட்டில் இருப்பதால் சூட்டை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று டாக்டரம்மா சொன்னார்கள். பிறகு தாடையைத் தொட்டார்கள், அது திறந்துகொண்டது. கழுத்தை அசைத்தார்கள், கைகளைத் தூக்கிப் பார்த்தார்கள், எல்லாம் தளர்வாக இருந்தன. முழங்காலை மடக்கிப் பார்த்தார்கள், மடங்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, "யாராவது உடம்புல கை வெச்சீங்களா?" என்று கேட்டார்கள்.

நான், "இல்லம்மா, வந்தபடியே இருக்கு" என்றேன்.

இருபத்திரண்டு வருட ஆள் சொல்கிறான் என்று நம்பினார்கள். தாடை, கழுத்து, கைகளில் விறைப்பு நீங்கிவிட்டது, கால்களில் மட்டும் இருக்கிறது, ஆகவே இறந்து ஏறக்குறைய ஒரு நாள் ஆகியிருக்கலாம் என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதினார். சாவுக்குக் காரணம் பின்மண்டை எலும்பு முறிந்து உள்ளே ரத்தம் கட்டியது என்று எழுதினார்கள். விழுந்தும் வந்திருக்கலாம், தள்ளியும் வந்திருக்கலாம் என்றார்கள். நான் பக்கத்தில் வாளியோடு நின்றுகொண்டிருந்தேன். என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

அடுத்த வியாழக்கிழமை மகனைக் கைது செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு அப்பாவுக்கும் மகனுக்கும் வாய்த்தகராறு. கண் பார்வை போன பிறகும் தைக்கிறேன் என்கிறீர்களே, கடையை மூடிவிட்டு என்னோடு வாருங்கள் என்று மகன் கூப்பிட, அவர் மறுக்க, மகன் "இங்கேயே கிடந்து சாவுங்க" என்று கத்திவிட்டுக் கிளம்பியதை அக்கம்பக்கத்தார் கேட்டிருக்கிறார்கள். மகன் ஏழு மணி பஸ்ஸில் ஏறி ஐந்து மணி நேரத் தொலைவில் உள்ள ஊருக்குப் போய், திங்கள் காலை ஆறு மணியிலிருந்து பஸ் பணிமனையில் வேலை பார்த்திருக்கிறார். அங்கே நாற்பது பேர் அவரைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் சாவு ஞாயிறு மாலை என்று ரிப்போர்ட் சொல்வதால் அந்த நாற்பது பேரால் பிரயோஜனம் இல்லாமல் போயிற்று. திங்கட்கிழமை தையல் கடைக்கு விடுமுறை என்பதால் அன்று காலை தையல்காரரை உயிரோடு பார்த்தவர்களும் யாரும் இல்லை. இதெல்லாம் பத்திரிகையில் வந்தது. நான் கேண்டீனில் அதை நாலு பேருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டி, பெற்ற அப்பனையே தள்ளியிருக்கிறான், இவன் முழியே சரியில்லை என்று சொன்னேன். அவர் முழியை நான் பார்த்தது கிடையாது. போட்டோவில் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள்.

அதன் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் நான் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். இதையும் எழுதிக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

என் மகள் நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். இன்றைக்குச் சரியாக இரண்டு வாரத்துக்கு முந்தின திங்கட்கிழமை காலையில், அன்று பரீட்சை என்பதால் புத்தகத்தை என் கையில் கொடுத்து, "அப்பா, இது உங்க டிபார்ட்மெண்ட். நான் ஒப்பிக்கிறேன், தப்பு வந்தா சொல்லுங்க" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கண்ணாடியெல்லாம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். விறைப்பு முகத்தில் தொடங்கும், கழுத்து, கை, கடைசியில் கால் என்று இறங்கும், விடும்போதும் அதே வரிசையில்தான் விடும் என்று ஒப்பித்தாள். மேலே தளர்ந்து கால் மட்டும் விறைப்பாக இருந்தால் இறந்து நேரமாகிவிட்டது என்று அர்த்தமாம். நடுவில் யாராவது பலவந்தமாக மடக்கினால் அந்த இடத்தில் விறைப்பு மறுபடி வராதாம்.

நான் சும்மா கேட்கிற மாதிரி, அப்படி மடக்கிவிட்டால் டாக்டருக்கு என்ன ஆகும் என்று கேட்டேன்.

"ஏமாந்துடுவாங்கப்பா. நேத்து செத்தவரா இன்னைக்கு செத்தவரான்னே மாறிடும்" என்றாள். பிறகு, "என்ன முழிக்கிறீங்க? பாஸா ஃபெயிலா சொல்லுங்க, பஸ் போயிடும்" என்றாள்.

பாஸ் என்றேன்.

அதிலிருந்து பதினொரு நாள் யாரிடமும் சொல்லவில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன். எங்கள் பகுதியில் யாருக்காவது காய்ச்சல் என்றால் கூட அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று என் மகள் சொல்லுவாள். அந்தப் பெயர் போய்விடுமே என்று பயந்தேன். வேலை போய்விடுமே என்றும் பயந்தேன். அந்தப் பையன் உண்மையிலேயே தள்ளியிருக்கலாம், நாம் ஏன் குறுக்கே போகவேண்டும் என்றும் எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். அந்தப் பதினொரு நாளும் எந்த உடம்பிலும் கை வைக்கவில்லை. என்ன இஸ்திரி, கரண்ட் இல்லையா என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேட்டார்கள்.

போன வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குத் தையல்காரரின் மகள் சான்றிதழ் வாங்க வந்தார். வாங்கிக்கொண்டு போனவர் திரும்பி வந்து என்னைத் தேடினார். நான் கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அண்ணா, அன்னைக்கு அப்பா தூங்குற மாதிரி இருந்தாரு. நீங்கதான் அப்படிப் படுக்க வெச்சீங்கன்னு வெளியில சொன்னாங்க. அது இல்லைன்னா நான் தாங்கியிருக்க மாட்டேன்" என்றார்.

தம்பியைச் சிறையில் போய்ப் பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை.

"எனக்குத் தம்பி கிடையாதுண்ணா. மூணு தடவை லெட்டர் போட்டான், பிரிக்காம வெச்சிருக்கேன்" என்றார்.

அவர் போன பிறகு குழாயை மூடாமல் வெகுநேரம் நின்றிருக்கிறேன். தொட்டி நிரம்பி என் கால் நனைந்த பிறகுதான் தெரிந்தது.

அன்று சாயங்காலம் மகளிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. மறுநாளுக்கு யூனிஃபார்மைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "நீங்க சொல்லலைன்னா நான் சொல்ல வேண்டியிருக்கும்பா. என்னை அந்த இடத்துல நிறுத்திடாதீங்க" என்றாள்.

சனிக்கிழமை காலை டாக்டரம்மா அறைக்குப் போய்ச் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார்கள். என்ன வரிசையில் செய்தாய், எவ்வளவு பலம் கொடுத்தாய் என்று என் கையிலேயே செய்து காட்டச் சொல்லிக் குறித்துக்கொண்டார்கள். பிறகு பழைய ரிப்போர்ட்டை எடுத்து நெடுநேரம் படித்தார்கள். வயிற்றில் இருந்தது காலை ஆகாரம் போலத் தெரிந்தது, முந்தின நாள் மாலை சாப்பிட்ட பலகாரமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன், விறைப்பை நம்பி மற்றதை அதற்கு ஏற்றாற்போல் பார்த்துவிட்டேன், அது என் தப்பு என்று சொன்னார்கள். ஞாயிறு மாலை என்று இனிமேல் தன்னால் சொல்ல முடியாது, திங்கள் காலை என்பதுதான் கூடுதலாகப் பொருந்துகிறது, அப்படித் திருத்தி எழுதிக் கொடுப்பதாகவும் சொன்னார்கள். நான் கிளம்பும்போது, "நான் உன்னைக் கேட்டேன்ல?" என்றார்கள்.

"கேட்டீங்கம்மா" என்றேன்.

தையல்காரரை யாராவது தள்ளினார்களா, அவரே வழுக்கி விழுந்தாரா என்பது எனக்குத் தெரியாது. வந்தபோது விறைத்திருந்த கையைத் தளர்த்தியது நான் என்பது மட்டும் தெரியும். தையல்காரரின் மகளிடம் இதை நானே நேரில் சொல்ல அனுமதி கேட்டேன். அது வாக்குமூலத்தில் சேராது என்றும், போய்ச் சொல்வதைத் தான் தடுக்கப்போவதில்லை என்றும் அதிகாரி அவர்கள் சொன்னார்கள். இங்கிருந்து நேரே அங்கேதான் போகிறேன். அவர் கும்பிட்ட கைக்கு அதுதான் பதில்.

மேற்கண்டதை எழுத்தர் எனக்கு முழுதும் படித்துக் காட்டினார். முடிவில், "தெரியாமல் செய்த தவறு" என்று ஒரு வரியை அவராகவே இரக்கப்பட்டுச் சேர்த்திருந்தார். அதை அடிக்கச் சொன்னேன். ஏன், உங்களுக்கு நல்லதுதானே என்றார். கையை நிமிர்த்தியது விளைவு தெரியாமல் செய்தது, இல்லை என்று சொன்னது தெரிந்தே சொன்னது, இரண்டையும் ஒரே வரியில் போடவேண்டாம் என்றேன். அடித்த இடத்தில் என் சுருக்கொப்பம் வைத்திருக்கிறேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, நான் சொன்னது நடந்தபடியே இருக்கிறது.

(ஒப்பம்)