ஃபுல் ஸ்பீட் என்று எழுதியிருந்த பென் டிரைவ்

பெயர்: மாரிமுத்து பூரணி. வயது: 29. தொழில்: வீடியோ எடிட்டிங். முகவரி: 7ஆம் இலக்க லயம், மேற்பிரிவு, ஹட்டன். 2007 ஆகஸ்ட் 3, காலை 9.40க்குப் பொலிஸ் நிலையத்தில் தமிழில் கூறுவதாவது:

நான் ஹட்டன் நகரில் ஒரு ஸ்டூடியோவில் ஆறு வருடமாகக் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டும் வேலை செய்கிறேன். என் வேலையில் இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. ஜூலை 8ஆம் திகதி நண்பகல் தோட்டத் தொழிற்சாலையில் தேயிலை மூட்டை திருடியதாக மறியல் சிறையில் இருக்கும் சின்னத்தம்பி என்பவர், அந்த நேரத்தில் பூண்டுலோயாவில் தன் மைத்துனர் கல்யாணத்தில் இருந்தார். அந்த வீடியோவைத் தயாரித்தவள் நான்.

ஜூலை 31 காலை ஒன்பதரைக்கு அவருடைய மனைவி நாகலெட்சுமி வந்து, வீடியோவைப் பென் டிரைவில் போட்டுத் தரும்படியும், 10.20க்குப் புறப்படும் பஸ்ஸைப் பிடித்தால்தான் வழக்குக்கு முன் சட்டத்தரணியிடம் கொடுக்க முடியும் என்றும் கூறினார். அதன் பிறகு இருவரும் பக்கத்துக் கடைக்குப் போனோம். ஒரே விலையில் இரண்டு இருந்தன. ஒரு பெட்டியில் ஹை ஸ்பீட் என்றும் மற்றதில் ஃபுல் ஸ்பீட் என்றும் எழுதியிருந்தது. கடைக்காரர் குகநேசன் இரண்டும் நல்லது என்றார். நாகலெட்சுமி என்னிடம், "எது வேகமா ஏறும் பூரணி?" என்று கேட்டார்.

"ஃபுல்லுக்கு மேல என்னாக்கா இருக்கு? இதையே வாங்குங்க" என்றேன்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலையைக் குறையில்லாமல் முடித்தால் முழுப் பேர் என்று முழுச் சம்பளம், குறைந்தால் அரைப் பேர், பாதிச் சம்பளம். முழுசுக்கு மேல் ஒன்று இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அதன் பிறகு சரியாகப் பத்து மணிக்கு ஆறு பகுதிகளையும் ஏற்ற ஆரம்பித்தேன். ஐந்து நிமிடத்தில் முடியும் என்று அக்காவை உட்கார வைத்தேன். அது நகரவே இல்லை. அப்போதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை, கம்ப்யூட்டரைத்தான் திட்டினேன். 10.12க்குக் கரண்ட் போனது. மூன்று பகுதிகளே ஏறியிருந்தன. பஸ் நேரமானதால் அவர் அதை எடுத்துக்கொண்டு ஓடினார். அதில் காலையில் தாலி கட்டும் வரைதான் இருந்தது, நண்பகல் பந்தி இல்லை. சின்னத்தம்பிக்கு மேலும் பதினான்கு நாள் மறியல் ஆனது.

அடுத்த நாள் பெட்டிக்குள் இருந்த தாளைப் படித்தபோது, ஃபுல் ஸ்பீட் என்பதுதான் பழையது, மெதுவானது என்று அறிந்தேன். அதன் பிறகு ஹை ஸ்பீட் ஒன்றை வாங்கி ஏற்றிப் பார்த்தேன். நான்கு நிமிடத்தில் ஆறும் ஏறின. இப்படிப் பெயர் வைத்தவனை நேரில் கண்டால் நாலு கேள்வி கேட்பேன்.

யாரோ சொல்லி நான் மிச்சத்தை வெட்டிவிட்டதாகக் கூறுவது பொய். அந்தப் பென் டிரைவையும் மூலக் கேசட்டையும் இன்று ஒப்படைக்கிறேன். ஐந்தாம் பகுதியில் சின்னத்தம்பி சாம்பார் வாளியோடு பந்தியில் நிற்கிறார். பின்னால் மண்டபத்துக் கடிகாரம் 12.10 காட்டுகிறது. கரண்ட் மேல் பழியைப் போட்டு நான் தப்பிக்கலாம், ஆனால் மற்றதை எடுத்திருந்தால் கரண்ட் போகும் முன்பே முடிந்திருக்கும். நாகலெட்சுமி என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. அதுதான் எனக்கு வேதனையாக இருக்கிறது.

இவ்வளவும் உண்மை. எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். பென் டிரைவை "தெரியாமல் தெரிவு செய்தேன்" என்று எழுதியிருந்தது. அதை வெட்டி, "தெரியும் என்று நினைத்துத் தெரிவு செய்தேன்" என்று எழுதச் சொன்னேன். திருத்தப்பட்ட பின் கையொப்பமிடுகிறேன்.

மா. பூரணி