நாப்பதாயிரம்தான் ஓடியிருக்கு

பொம்மனஹள்ளியில் பஸ் ஏறிய கணவனும் மனைவியும் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததுமே அவர், "நாம வாங்கின வண்டியில ஹீட்டர் மட்டும் எவ்ளோ நல்லா வேலை செய்யுது, பாத்தியா?" என்றார்.

"மே மாசத்துல எதுக்குங்க ஹீட்டர்? அதை ஆஃப் பண்ணவும் முடியல. வெந்துட்டேன்."

"பழைய பிக்கப்னா ஒண்ணு ரெண்டு கோளாறு இருக்கும்."

"மூணாவது கியர் தானா கழண்டுச்சு. இப்ப எந்த கியரும் விழாம ரோட்டோரம் நிக்குது. இதுவும் அந்த ஒண்ணு ரெண்டுல சேர்த்தியா?"

"பேஜார் பண்ணாத. இத்தனை வருஷத்துல நாப்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. மீட்டர்லயே இருக்கு."

"ஸ்பீடு காட்டுற முள்ளு அசையுதா?"

"இல்ல."

"முள்ளே செத்துப்போச்சுன்னா கிலோமீட்டர் மட்டும் எப்படிங்க ஏறும்? எத்தனை வருஷமா செத்துக் கிடக்கோ!"

கண்டக்டர் வந்தார். அவள் ஆதாரைக் காட்டி, பெண்களுக்கான இலவச டிக்கெட் வாங்கிக்கொண்டாள். சந்தாபுராவுக்கு அவர் மட்டும் காசு கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பொண்ணு பார்க்க வந்தப்ப உங்க பெரியப்பாவும் இப்படித்தான் சொன்னாரு," என்றாள் அவள். "பையன் மேல இதுவரைக்கும் ஒரு கம்ப்ளெயிண்ட் கிடையாதுன்னு. எங்கப்பா அப்பவே மீட்டர் ஓடுதான்னு பார்த்திருக்கணும்."