இடப்பக்கம் உக்காந்த படம்

படம் வரையிற பய லைசாண்டர் ப்ரூவிட் இருக்கானே, அவன்தான் மொதல்ல என் பேரைக் கெடுத்தவன். உக்காருங்க தம்பி, தபால் வண்டி இப்ப வராது. அடுப்புப் பக்கமா நகந்துக்குங்க. வெர்மான்ட் குளிரு உங்களுக்குப் புதுசுல்ல?

இந்தா, செவுத்துல ஒட்டி வச்சிருக்கான் பாருங்க இந்தக் கடைக்காரன், பத்திரிகையில வந்த படம். "மலைப்பண்ணையில் மாலைப்பொழுது"ன்னு பேரு வேற! அந்தத் தாடிக்காரன் நாந்தான், ஜெடடையா டிப்பிட். நல்லாப் பாருங்க... மாட்டுக்கு எந்தப் பக்கம் உக்காந்து கறக்குறேன்? இடப்பக்கம்! இந்த ஊர்ல தவழ்ற புள்ளகூட வலப்பக்கந்தான் போவும். இடப்பக்கம் போனா ஒரே ஒதை, வாளி ஒரு மூலை, ஆளு ஒரு மூலை.

பதினாறு வருசமா கண்காட்சியில மாடு பாத்துப் பரிசு சொல்றவன் நானு. இந்த வருசம், "கறக்குற பக்கமே தெரியாதவரு நடுவரா?"ன்னுட்டானுங்க. அந்த எடத்துல இப்ப என் மச்சான் ஓபட்! காளைக்கிட்ட வாளியோட போவான் அவன். எங்க வீட்டுக்காரியே, "மிஸ்டர் டிப்பிட், இன்னைக்கு எந்தப் பக்கம்?"ங்கிறா.

அந்தப் படம் வரையிற பய மூணு நாளு எங்க வீட்ல தங்கித் தின்னான். ஆப்பிள் வச்சுச் சுட்ட பையி காலையில ரெண்டு துண்டு, ராத்திரி ரெண்டு... என்ன கேட்டீங்க? வரையும்போது நா பாக்கலியாவா? பாக்காம இருப்பனா! மரக்கட்டை மேலயே வரைஞ்சிக்கிட்டிருந்தான். எட்டிப் பாத்தா, அதுல நான் இடப்பக்கம் உக்காந்திருக்கேன்! "அடேய், மாத்துறா"ன்னேன். "ஐயா, கட்டையச் செதுக்கி, மை தடவி, தாள்ல அழுத்துனா இடம் வலமாத் திரும்பிக்கும்"னான். "நாப்பது வருசம் கறந்தவனுக்கே வலம் இடம் சொல்லித் தர்றியா? மாத்துனாத்தான் சாப்பாடு"ன்னுட்டேன். மாத்துனான்.

சிரிக்காதீங்க தம்பி! படத்தொழில் தெரிஞ்சவன் அவன், நான் சொன்னதப் போயி கேக்கலாமா? ஒரு வேளை பட்டினி கெடந்தா செத்தா போயிருவான்? "தப்பு என்னோடது"ன்னு ஒரே ஒரு வரி எழுதுடான்னு நாலு கடுதாசி போட்டாச்சு. அதக் கண்காட்சிக்காரங்க மூஞ்சில காட்டணும். வாராவாரம் அவன் பதிலு வருதான்னுதான் இங்க வந்து உக்காந்திருக்கேன்.

என்ன, எந்திரிச்சிட்டீங்க? வண்டிச் சத்தமே கேக்கலியே... போங்க, போங்க. அந்த ஒரு வரி எனக்கு அவன் பாக்கி. வாங்காம விடமாட்டேன்!