நான்காவது வரிசை

தூசியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நேரம் போவதே தெரியாது. நீங்கள் குறுக்கே பேசாமல் எழுதிக்கொண்டால் சீக்கிரம் முடித்துவிடலாம்.

தொழிற்சாலை மொட்டைமாடியில் நான்கு வரிசை சோலார் பேனல்கள். முதல் வரிசைக்குத் தூசி ஒட்டாத பூச்சு. இரண்டாவது, வெயில் போகும் பக்கம் தானாகத் திரும்பும். மூன்றாவதை வாரம் ஒருமுறை ஆள் வைத்துக் கழுவுவோம். நான்காவதை யாரும் தொடக்கூடாது. ஒன்றுமே செய்யாவிட்டால் எவ்வளவு மின்சாரம் குறைகிறது என்று தெரிந்தால்தானே, மற்ற மூன்றில் எதற்குச் செலவழிப்பது லாபம் என்று நான் சொல்ல முடியும்? பச்சைக் குழந்தைக்குக்கூடப் புரியும். கழுவ வந்தவனுக்குப் புரியவில்லை.

ஏழாம் மாதம் ஒருநாள் நான்காவது வரிசை மின்னிக்கொண்டிருந்தது.

"ஏன்யா தொட்டே?"

"மத்ததெல்லாம் பளபளன்னு இருக்கு, இது மட்டும் நாதியில்லாமக் கிடக்குது. மனசு கேக்கல சார். இதுக்குன்னு தனியாக் காசா கேட்டேன்?"

சிரித்துக்கொண்டே சொன்னான். ஏழு மாத உழைப்பு நாசம். முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஐந்தாம் மாதம் மறுபடியும் துடைத்துவைத்தான், மறந்துவிட்டானாம். மேலாளர் எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டார்: "ஒரு வரிசையப் பாத்துக்கத் துப்பில்ல, நீங்கல்லாம் எதுக்குங்க?"

அன்று சாயங்காலம் நான்காவது வரிசையின் எர்த் கம்பியைக் கழற்றினேன். மின்கம்பியின் உறையைச் சீவி, பேனல் சட்டத்தில் படும்படி வைத்தேன். ஈரக்கையோடு தொட்டால் தப்பிக்க முடியாது. சொன்ன பேச்சைக் கேட்கிறவனுக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை, கவனியுங்கள்.

மூன்று வாரம் ஒழுங்காக இருந்தான். நான்காம் வாரம் அவனுக்குப் பதில் அவன் மனைவி வாளியோடு வந்தாள்.

"அவருக்குக் காய்ச்சல் சார். எந்த வரிசைன்னு சொன்னீங்கன்னா கழுவிட்டுப் போயிடுவேன்."

"மூணாவது" என்றேன். நான்காவதைப் பற்றி அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மூலைமுடுக்கெல்லாம் தேய்த்து நன்றாகவே கழுவினாள், அதைச் சொல்லியாக வேண்டும். பிறகு இடுப்பை நிமிர்த்தி நான்காவதைப் பார்த்தாள். "ஐயோ பாவமே, இத விட்டுட்டாங்களே" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டு துணியை நனைத்தாள். நான் பத்தடி தள்ளி நின்றிருந்தேன். 'வேண்டாம்மா' என்று ஒரு வார்த்தை போதும். ஏன் என்று கேட்டிருப்பாள். வாயை மூடிக்கொண்டேன்.

அவள் செத்தது விபத்து என்று நீங்களே கோப்பை மூடியிருப்பீர்கள், இன்ஸ்பெக்டர். ஆனால் காரணம் பராமரிப்புக் குறைபாடு என்று எழுதினீர்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் வேலையில் குறைபாடு கிடையாது. நான்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன். அவள் கை நீள்வதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அவள் துடைத்தது ஒரே ஒரு பேனலைத்தான். அதன் கணக்கை மட்டும் நீக்கிவிட்டுப் பாருங்கள், மற்ற அளவெல்லாம் சுத்தமாக இருக்கிறது.